8 ஆண்டுப் பழைய மேசைக் கணினி மிக மெதுவாக இயங்குகிறது. வேகப்படுத்த எந்த இலவச கிளீனர் மென்பொருளை நிறுவலாம்?

விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று விவரம் தந்திருக்கிறீர்கள். இந்த நிலையில் எந்தக் கிளீனரையும் நிறுவ வேண்டாம் என்பதே என் பதில். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் மென்பொருள்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் சில நூறு பழைய பதிவுகள் கிடப்பதால் கணினி மெதுவாவதும் இல்லை. பெயர்பெற்ற கிளீனரான சீகிளீனரின் 5.33 பதிப்பிலேயே, 2017ஆம் ஆண்டில் அதை உருவாக்கும் கட்டமைப்புக்குள் ஊடுருவியவர்கள் தீநிரலைச் சேர்த்துவிட, அது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைச் சென்றடைந்தது.

முதலில் கணினி எங்கே திணறுகிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றில் எது 100 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினிகளில் அது பெரும்பாலும் டிஸ்க்காகவே இருக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்கவே 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. படிக்கும் முனையும் இடம் மாற வேண்டியிருப்பதால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்குச் சுமார் நூறு முறைதான் அதனால் எட்ட முடியும். அப்டேட், வைரஸ் சோதனை, தேடல் அட்டவணை என்று விண்டோஸ் பின்னணியில் செய்யும் வேலைகளில் இத்தகைய சிதறிய வாசிப்புகள் நிறைய உண்டு.

டிஸ்க் மெதுவானதா, பழுதடைகிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற திறமூல மென்பொருள் போதும். நீலம், மஞ்சள், சிவப்பு என்று அது காட்டும் நிறத்தோடு நின்றுவிடாமல் டிஸ்க்கின் பழுதான பகுதிகளைக் கணக்கிடும் 05, சி5, சி6 ஆகிய வரிசைகளின் மூல மதிப்பைப் (raw value) பாருங்கள். அவை வழக்கமாகப் பதினாறடிமான (hexadecimal) எண்களாகத் தெரியும் என்பதால், 64 என்று இருந்தால் அது நூறு என்று கொள்ள வேண்டும். சி5 பூச்சியமாக இல்லையெனில் சில பகுதிகளைப் படிக்க முடியாமல் டிஸ்க் தவிக்கிறது என்று பொருள். வேறெதையும் செய்யுமுன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் படியெடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிச் சரிசெய்யும் முயற்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சாகும் தறுவாயிலுள்ள டிஸ்க்குக்கு அந்த நீண்ட வாசிப்பே கடைசி அடியாகிவிடலாம். மாறாக, தரவுப் பரிமாற்றப் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்மீது விழ வேண்டும். கேபிளை மாற்றிய பின்னும் பழைய எண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் சிக்கல் தீர்ந்தது.

டிஸ்க் நலமாக இருந்து, கணினி திறந்தவுடனே மெமரி நிரம்பிவிடுகிறது என்றால், கணினியோடு தானாகத் தொடங்கும் நிரல்களைப் பட்டியலிடும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் உதவும். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைக்கும் வசதியை அதில் முதலில் இயக்கிவிட்டு, தேவையற்றவற்றின் குறியை மட்டும் எடுங்கள்; அழித்துவிட வேண்டாம், குறியை எடுத்தால் பின்னர் மீட்கலாம். விண்டோஸ் முடங்கி நீலத்திரை அடிக்கடி வருமானால், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ யுஎஸ்பியிலிருந்து இரவு முழுவதும் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை நம்ப முடியாது.

உங்கள் கணினிக்கு உண்மையான வேகம் சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால்தான் வரும் என்று கருதுகிறேன். அதுவே செலவழிக்கத் தகுந்த இடம். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் புதிய டிஸ்க்கின் கொள்ளளவு பழையதைவிடக் குறைவாக இருந்தால் அது எளிதில் ஒத்துழைக்காது; 1 டிபிக்குப் பதில் 500 ஜிபி வாங்குவதானால் புதிதாக இயங்குதளத்தை நிறுவுவதே நல்லது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் சிபியு விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாவிட்டால், இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பாருங்கள். பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்பதை அப்போதே சோதித்துவிடலாம். தமிழ்99 விசைப்பலகையை அதில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்த்துக்கொள்ள முடியும். டேலி போல விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை அன்றாடம் பயன்படுத்துபவராக இருந்தால் மட்டும் இந்த வழி உங்களுக்கு ஒத்துவராது.