நிலநடுக்கமும் வந்து கரண்டும் இல்லாவிட்டால் வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

ஓசூரில் நாலாவது மாடியில் இருக்கிறீர்கள், கைக்குழந்தை இருக்கிறது, ராத்திரி நேரத்தில் நடுக்கம் வந்து கரண்டும் இல்லையென்றால் முதலில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை இப்படி நடந்தது. நாங்கள் பர்கூர் பக்கம். பெரிய சேதம் எதுவும் இல்லை, ஆனால் அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் நாங்கள் செய்ததையும் செய்யப் போனதையும் நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடப்பாகத்தான் இருக்கிறது.

2021 நவம்பர் 29, விடிகாலை நாலேகால் மணி. அந்த மாதம் முழுக்க மழை. முதல் நாள் சாயங்காலமே எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரும் நடுராத்திரிக்குள் தீர்ந்துவிட்டது. ஃபேன் சத்தம்கூட இல்லாத இருட்டு. பாரம் ஏற்றிய லாரி ஒன்று சுவரை ஒட்டிப் போகிற மாதிரி ஒரு உறுமல் கேட்டது, அடுத்து சமையலறை ஸ்டாண்டில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. நாலைந்து நொடி இருக்கும், அவ்வளவுதான். என் மாமியார் எழுந்து உட்கார்ந்து, "இந்த நேரத்துல எந்தக் குவாரியில வெடி வைக்கிறாங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கம் கிரானைட் குவாரி அதிகம், அதிர்வு என்றாலே எல்லோருக்கும் வெடிதான் ஞாபகம் வரும். விடிந்த பிறகுதான் வேலூருக்கு மேற்கே 59 கிலோமீட்டர் தள்ளி 3.6 அளவில் நிலநடுக்கம் என்று செய்தி வந்தது.

அந்த இருட்டில் நான் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். செருப்பு இல்லை, டார்ச் இல்லை, வாசற்படி ஈரம். அத்தை அதற்குள் சாமி அலமாரியில் தீப்பெட்டியைத் தேடி எடுத்துக் கற்பூரம் ஏற்றப் போய்விட்டார். பக்கத்துச் சமையலறையில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது, டியூப் பிடுங்கியிருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. "அத்தை, வேண்டாம், வைச்சிடுங்க" என்று நான் வாசலில் இருந்து கத்தியதில் பையன் அழ ஆரம்பித்துவிட்டான். நல்லவேளையாக டியூபுக்கு எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் எங்களுக்கு நடுக்கத்தால் வராத ஆபத்து அந்தத் தீக்குச்சியால் வந்திருக்கும்.

அதனால் உங்களுக்கு முதலில் சொல்வது வெளிச்சத்தைப் பற்றித்தான். தலைமாட்டில் ஒரு டார்ச், கட்டிலுக்கு அடியில் எல்லோருடைய செருப்பும், தினமும். டார்ச்சைப் படுத்த இடத்திலேயே போட்டுக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும், சமையலறைக்குள் போய் நின்று போடக்கூடாது. கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், மெயினைக்கூடத் தொடாமல், கை எட்டினால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906-க்குக் கூப்பிடுங்கள், கேஸ் கசிவுக்கென்றே இருக்கிற எண் அது. வாசனை இல்லையென்றால் ரெகுலேட்டரை மூடிவிட்டு மெயினை இறக்கிவிடுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். தெருவில் கரண்ட் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் பேட்டரியில் இருந்து வயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், சுவர் விரிசல் விட்டு சுவிட்ச் போர்டு பெயர்ந்திருந்தால் அதில் கை பட்டால் போச்சு.

ஆடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஓடவே கூடாது. நாலு மாடிப் படியை இருட்டில் குழந்தையோடு இறங்குவதற்குள் நடுக்கம் நின்றே போயிருக்கும், நடுவில் கால் தடுக்கினால் இரண்டு பேருக்கும் அடி. லிஃப்டை நினைக்கவே வேண்டாம். மேஜைக்கு அடியில் போ என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், நம் வீடுகளில் பாதிக்கு மேஜையே கிடையாது. கட்டிலில் படுத்திருந்தால் அங்கேயே குப்புறப் படுத்து, குழந்தையை உடம்புக்கு அடியில் அணைத்துக்கொண்டு, தலைக்கு மேல் தலையணையை வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அந்தக் கட்டில் பீரோவுக்குப் பக்கத்திலும் ஜன்னல் கண்ணாடிக்குக் கீழேயும் இருக்கக்கூடாது. பரண்மேல் பித்தளை அண்டா வைத்திருந்தால் இன்றைக்கே இறக்குங்கள். நின்ற பிறகு பதற்றப்படாமல் படியில் இறங்கிக் கீழே திறந்த இடத்துக்குப் போங்கள். பின்னாலேயே சின்னச் சின்ன அதிர்வுகள் வரலாம். தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து நடங்கள், மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் காலை வைக்காதீர்கள்.

ஆனால் இந்த "ஓடாதே" எல்லா வீட்டுக்கும் பொருந்தாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எங்கள் வீட்டின் முன்பகுதி மாமனாரின் அப்பா கட்டியது, மண் வைத்துக் கட்டிய கல் சுவர், மேலே கல் பலகை. கிருஷ்ணகிரி, தர்மபுரி கிராமங்களில் இப்படிப்பட்ட வீடு இன்னும் எத்தனையோ இருக்கிறது. 1993 செப்டம்பர் 30 விடிகாலை மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் 6.2 அளவில் வந்த நடுக்கத்தில் பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். அங்கேயும் மண் வைத்துக் கட்டிய கல் சுவர்தான், மேலே கனமான மண் கூரை, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அப்படியே இறங்கிவிட்டது. அந்தப் பகுதிக்கு நிலநடுக்கமே வராது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். நம் பக்கமும் அசையாத பூமி என்று சொல்வார்கள், ஆனால் 1900-ல் கோயம்புத்தூரில் ஏறக்குறைய 6 அளவில் வந்திருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, அடிக்கடி வருகிற விஷயமும் இல்லை. ஆனால் ஊரில் உங்கள் அம்மா அப்பா இந்த மாதிரி பழைய வீட்டில் தரைத்தளத்தில் இருந்து, இரண்டு எட்டில் வாசல், வெளியே திறந்த களம் என்றால், அவர்கள் உடனே வெளியே போய்விடுவதுதான் சரி. சுவரை ஒட்டி நிற்காமல் களத்து நடுவுக்கு வந்துவிட வேண்டும்.

அந்த மாதிரிக் கூரைமேல் தண்ணீர் டேங்க் வைத்திருந்தால் அதையும் யோசியுங்கள். 1000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. நாங்கள் அதைப் பின்பக்கம் தளம் போட்ட பகுதிக்கு மாற்றிவிட்டோம்.

கரண்ட் இல்லாமல் இருப்பது நமக்குப் புதிதில்லை. 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இல்லாமலும் வாழ்ந்திருக்கிறோம். தண்ணீர்தான் சிக்கல். போர் மோட்டார் ஓடாது, ஒகேனக்கல் தண்ணீரும் பம்ப் செய்துதான் வர வேண்டும். ஆளுக்கு மூன்று நாளைக்குக் குடிக்கிற தண்ணீர் மூடி வைத்திருங்கள், குழந்தைக்குப் பால் பவுடர் என்றால் அதற்குத் தனியாக. அப்புறம் போன். சார்ஜைக் காப்பாற்றுங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் லைன் கிடைக்காது, மெசேஜ் போடுங்கள், அது போய்ச் சேர்ந்துவிடும். என் கணவர் அன்று லாரியோடு வெளியூரில் இருந்தார், "எல்லோரும் நல்லா இருக்கோம்" என்று நான் அனுப்பிய ஒரு வரிதான் அவரை வண்டி ஓட்ட வைத்தது. கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்சுக்கு 108. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், போன் அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட அந்தத் தாள்தான் உதவும். சின்ன பேட்டரி ரேடியோ ஒன்றும் வாங்கி வையுங்கள், எங்களுக்குத் தர்மபுரி வானொலி நன்றாக எடுக்கும்.

கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். சுவரில் புது விரிசல் இருந்தால் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு மெயினை ஏற்றுங்கள். முதலில் ஒரு லைட் மட்டும் போட்டு, வோல்டேஜ் நிலையாக இருக்கிறதா பார்த்துவிட்டு ஃபிரிட்ஜைப் போடலாம்.

எங்கள் அத்தை மட்டும் முன்கட்டை விட்டு வரவே மாட்டேன் என்றார். மாமா கடைசி வரை படுத்திருந்த இடம் அது. நானும் வற்புறுத்தவில்லை, எப்போதாவது லாத்தூர் கதையை எடுத்துச் சொல்வேன், அவ்வளவுதான். போன பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது அவரே பையனைக் கூப்பிட்டு, "இந்தக் கட்டிலைப் புடிடா, பின்னாடி ரூமுல போட்டுடலாம்" என்றார்.