கேட்டைக் கேளுங்கள்!

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், 30 ஆண்டுகள் நகரப் பூங்காக்களைப் பராமரித்து ஓய்வுபெற்ற தோட்டக்கலை மேற்பார்வையாளர்.

கேள்வி: எங்கள் பகுதியில் வீடுகள் இரண்டு மடங்காகிவிட்டன. பூங்கா மட்டும் அதே பழைய பூங்கா. விரிவாக்கச் சொல்லி மனு கொடுத்தால் ‘இடமில்லை’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புகிறார்கள். வேறு என்ன கேட்பது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்

இடத்தைக் கேட்பதற்கு முன்னால் பூங்காவின் கேட்டைக் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் பொறுப்பில் இருந்த ஒரு பூங்காவுக்கு மூன்று கேட். இரண்டில் பூட்டு. கிழக்குப் பூட்டு துருவேறிச் சங்கிலியோடு ஒட்டிப்போயிருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தெருக்காரர்கள் உள்ளே வரச் சுற்றி 700 மீட்டர் நடக்கவேண்டும். வரைபடத்தில் பார்த்தால் பூங்கா அவர்கள் வாசலில்தான் இருக்கிறது!

ஒருநாள் சங்கிலியை அறுத்துவிட்டோம். அன்று சாயங்காலம் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி கேட்டிலேயே நின்றார். “உள்ளே வரலாமா தம்பி?” என்றார். இத்தனை வருடம் அவர் வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருந்த பூங்கா அது. ஒரு மாதத்தில் கேட்டிலிருந்து ஊஞ்சல் வரை புல்லில் ஒற்றையடித் தடம் விழுந்தது. முள்வேலி போட்டுத் தடுக்கச் சொன்னார் மேலதிகாரி. நான் அந்தத் தடத்தின்மேலேயே சரளை கொட்டிப் பாதையாக்கினேன். ஜனங்களே கால்களால் வரைந்து கொடுத்த பிளான், அதை ஏன் அழிக்கவேண்டும்?

வீட்டிலிருந்து சுமார் 5 நிமிட நடையில், அதாவது 300 மீட்டருக்குள், அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதில் 300 மீட்டர் என்பது வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளப்பது. நீங்கள் கால்களால் அளந்து பாருங்கள். எத்தனை வீடுகளுக்கு ஒரு கேட் திறந்தாலே போதும் என்பதைக் கணக்கெடுத்து மனுவோடு இணையுங்கள்.

அப்புறம் இடம். பெரிய இடமாகத்தான் கிடைக்கவேண்டும் என்றில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947-இல் ஒரு சிறு சதுக்கத்தில் மணல்தொட்டியும் சில கம்பிகளும் வைத்துக் குழந்தைகளுக்கு விளையாட இடம் அமைத்தார். அதைப் பார்த்த மற்ற தெருக்காரர்கள் ‘எங்களுக்கும் வேண்டும்’ என்று நகராட்சிக்கு எழுத ஆரம்பித்தார்கள். சந்துமுனை, காலிமனை, இடிந்த வீட்டு மனை என்று 30 வருடத்தில் 700-க்கும் மேல் வந்துவிட்டன. நியூயார்க்கில் 1967-இல் திறந்த பேலி பூங்கா நம் கணக்கில் பத்து சென்ட்கூட வராது. கட்டடங்களுக்கு நடுவே மரங்கள், நாற்காலிகள், பின்சுவரில் ஓர் அருவி, அவ்வளவுதான்.

‘இடமில்லை’ என்றால், பொதுச்சொத்தாகச் சும்மா கிடக்கும் மனைகளின் பட்டியலைக் கேளுங்கள். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளி மைதானங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: பூங்காவைப் புதுப்பிக்க நிதி வந்திருக்கிறது. நீரூற்றா, உடற்பயிற்சிக் கருவிகளா?
– ஒரு வாசகர்

முதலில் நிழல், அடுத்து நாற்காலி, கழிப்பறை. மிச்சமிருந்தால் நீரூற்று. அதுவும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்! தண்ணீரில்லாத நீரூற்றுத் தொட்டிகளில் குப்பை அள்ளியே எனக்கு இடுப்பு போனது.

பொது இடங்களில் மனிதர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதைக் கேமரா வைத்து ஆராய்ந்தவர் அமெரிக்காவின் வில்லியம் வைட். நகர்த்தக்கூடிய நாற்காலியைக் கொடுத்தால், ஆள் அதை இரண்டு அங்குலமாவது தள்ளிப்போட்டுவிட்டுத்தான் உட்காருவார் என்று கவனித்தார். காரணமே இருக்காது, பழைய இடத்துக்கே திரும்ப இழுத்துப் போடுவதும் உண்டு. நானும் பார்த்திருக்கிறேன். நம் கான்கிரீட் பெஞ்சு நகராது. போடும்போதே மதியம் மூன்று மணி வெயிலில் அங்கே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு இடத்தை முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: நடைபாதைக்குப் பேவர் பிளாக் போட்டதிலிருந்து பெரிய மரங்கள் ஒவ்வொன்றாக உச்சியில் காய்கின்றன. பூச்சியா?
– தினமும் நடக்கும் வாசகி

அடிமரத்தைக் குனிந்து பாருங்கள். கல் தண்டு வரை வந்து, இடைவெளியைச் சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். பட்டை அதன்மேல் பிதுங்கிக்கொண்டு நிற்கும். மரவேர் பாதாளம் வரை போகிறது என்று நினைக்கிறோம். தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. கல் பதிக்க மண்ணை வெட்டும்போது ஒரு பங்கு வேர் போகிறது. ரோலர் ஏறி மண் இறுகியதில் மிச்சத்துக்குக் காற்றும் இல்லை, மழைநீரும் இல்லை.

எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது கல்லைப் பெயர்க்கச் சொல்லுங்கள். கடப்பாரையைக் கிட்டேயே விடாதீர்கள். கையில் பிடிக்கும் சிறு தோட்ட முள்கரண்டியால் மண்ணை மெதுவாகக் கிளறி, காய்ந்த இலையை நான்கு விரல் உயரம் பரப்புங்கள், தண்டில் படாமல். எல்லா மரமும் பிழைக்கும் என்று சொல்லமாட்டேன். பூச்சியும் இருக்கலாம்தான், ஆனால் வலுவிழந்த மரத்துக்கு அது பின்னால் வரும் விருந்தாளி.

கேள்வி: பூங்காவை ஒட்டிய மழைநீர்க் கால்வாயை ஸ்லாப் போட்டு மூடினால் விரிவாக்க இடம் கிடைக்குமே?
– ஒரு பொறியியல் மாணவர்

இடம் கிடைக்கும், மரம் கிடைக்காது. ஸ்லாப்மேல் என்ன வளரும்? அடியில் தூர்வாரவும் முடியாது. சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் நேர்மாறாகச் செய்தார்கள். 2.7 கி.மீ. நீளக் கான்கிரீட் கால்வாயை உடைத்து, பூங்காவுக்குள் 3.2 கி.மீ. வளைந்து ஓடும் ஆறாக்கினார்கள். 2012-இல் திறந்தார்கள். கனமழையில் தாழ்வான புல்வெளி வெள்ளத்துக்கு வடிகாலாகும், சைரன் ஒலித்து ஆட்களை மேலே வரச்சொல்லும். மழை விட்டால் மறுபடி புல்வெளி. உங்கள் கால்வாயில் ஓடுவது சாக்கடை என்றால், சாக்கடை அதில் கலப்பதைத் தடுப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: பூங்கா பெரிதானால் வாடகை ஏறி, நாம்தான் வீட்டைக் காலிசெய்வோம் என்கிறார் என் கணவர். இப்படியும் பயப்படுவார்களா?
– வாடகை வீட்டு வாசகி

அவர் பயம் நியாயமானது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் அமையும் இடத்தில் செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பு இருந்தது. சுமார் 225 பேர், பெரும்பாலும் கறுப்பினத்தவர். 1857-க்குள் எல்லோரையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் 1847-இல் திறந்த பர்க்கன்ஹெட் பூங்காவின் செலவுக்கே ஓரத்து மனைகளை விற்றுத்தான் வழி செய்தார்கள். பூங்கா வந்தால் மனை விலை ஏறும் என்பது அன்றைக்கே தெரிந்த கணக்கு.

அதற்காகப் பூங்கா வேண்டாம் என்பதா? ஒரே இடத்தில் பளபளவென்று ஒன்றைக் கட்டினால் விலை அங்கே குவியும். அதே பணத்தில் பத்துப் பேட்டைகளில் சின்னச் சின்னதாக வந்தால் அந்த வேகம் குறையும் என்பது என் எண்ணம். அதோடு, பூங்காத் திட்டக் கூட்டங்களுக்கு வீட்டுக்காரர்கள்தான் வருகிறார்கள், வாடகைக்காரர்கள் எட்டிப்பார்ப்பதில்லை. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கணவரையும் அழைத்துப்போங்கள். முன்வரிசையில் உட்காரட்டும்.