இரண்டு லொறி வந்தால் விலை கூடுமா?

வணக்கம் சேர்,

மத்திய ஆசியாவின் எண்ணெய், எரிவாயு, யுரேனியத்துக்காக வல்லரசுகள் போட்டி போடுவது ஆபத்து என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் நெல் அறுவடைக்கு ஒரு லொறி மட்டும் வந்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. இரண்டு வந்தால் மூடைக்குக் கொஞ்சம் கூடும். அந்த நாடுகளுக்கும் போட்டி நல்லதுதானே?

வாசகர், கொக்கட்டிச்சோலை

அன்புள்ள தம்பி,

லொறிக் கணக்கு சரிதான். கசகஸ்தானின் யுரேனியத்துக்கு அது பொருந்தும். உலக உற்பத்தியில் சுமார் 40 வீதம் அங்கேதான். பீப்பாயில் அடைத்துச் சீனாவுக்கும் விற்கலாம், பிரான்சுக்கும் விற்கலாம்.

எரிவாயு அப்படியல்ல. குழாய் எங்கே போகிறதோ அங்கேதான் விற்க வேண்டும். துர்க்மெனிஸ்தானின் குழாய்கள் சோவியத் காலத்திலிருந்து பெரும்பாலும் ரஷ்யாவை நோக்கியே கிடந்தன. 2009 ஏப்ரலில் குழாய் ஒன்று வெடித்தது. ரஷ்ய நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் வாயு எடுப்பதைக் குறைத்ததுதான் காரணம் என்றது துர்க்மெனிஸ்தான். அதே டிசம்பரில் சீனாவுக்குப் புதுக்குழாய் திறந்தார்கள். உங்கள் இரண்டாவது லொறி! வாயு வயலை விருத்தி செய்யச் சீன வங்கிக் கடனும் கிடைத்தது. அப்புறம் 2016இல் ரஷ்யா வாங்குவதையே நிறுத்திவிட்டது. மிஞ்சியது கடன் கொடுத்த வியாபாரி. உரத்துக்கு முற்பணம் வாங்கிய வயற்காரன் அவனிடம் எவ்வளவு பேரம் பேசுவான் என்பது எனக்கு மேலாக உங்களுக்குத் தெரியும்.

இதற்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, மட்டக்களப்பில் புளியந்தீவுக் கோட்டையைப் பாருங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. கறுவா வியாபாரத்தைப் பிடித்து வைத்திருந்த அவர்களைத் துரத்தக் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன் ஒல்லாந்தரை (டச்சுக்காரரை) அழைத்தான். 1638 மே மாதம் கோட்டை விழுந்தது, சில நாளில் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்துப் படை இருக்கலாம், ‘அரசன் விரும்பினால்’ என்று அரசனின் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அந்த இரண்டு சொல் இல்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் இதைத்தான் சொல்வார்கள்.

போட்டி இருந்தது தம்பி, அரசன் அதைப் பயன்படுத்தவும் செய்தான். ஆனால் 1656இல் போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டை விழுந்தபோது ஒல்லாந்தர் அவனுடைய ஆட்களைக் கோட்டைக்குள் விடவேயில்லை.