கேள்வி கேட்டுட்டு காத்திருக்க முடியலையா டீச்சர்?

கடிதம்:

வணக்கம் சார், நான் மேத்ஸ் டீச்சர். முன்னெல்லாம் பசங்க தப்பா சொன்னா எந்த ஸ்டெப்ல சறுக்கினாங்கன்னு நின்னு பாப்பேன். இப்ப நானே போர்டுல விடைய எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடறேன். ரிப்போர்ட், மீட்டிங், பேரண்ட்ஸ் வாட்ஸ்அப்னு ராத்திரி வரைக்கும் ஓடுது, வீட்டுலயும் எதுலயும் பிடிப்பு இல்ல. மேனேஜ்மெண்ட்ல "வீட்டுப் பிரச்சினைய வீட்டோட விட்டுட்டு வாங்க"ங்கறாங்க. நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையோ?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நீங்களே விடைய எழுதிடறேன்னு சொன்னீங்களே, அதுலதான் விஷயமே இருக்கு. மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்ல வகுப்புகள டேப்ல பதிவு பண்ணி ஆராய்ஞ்சாங்க, டீச்சர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா 1 செகண்ட் அளவுதான் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சது, அதையே 3 செகண்டுக்கு மேல நீட்டினா பசங்க பதில் நீளமாகுது, வாயத் திறக்காத புள்ளைங்களும் பேசுதுங்க. கேக்க சின்ன விஷயம். ஆனா சாயங்காலத்துக்குள்ள அனுப்ப வேண்டிய ரிப்போர்ட் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கறப்ப, அத்தன பசங்க முன்னாடி அந்த மௌனத்த யாரால தாங்க முடியும்? ஸ்ட்ரெஸ்ல இருக்கற டீச்சருக்கு பாடம் மறந்து போறதில்ல, இந்தப் பொறுமைதான் முதல்ல போகுதுன்னு நான் உறுதியா நம்பறேன்.

லாயக்கில்லையோன்னு கேட்டிருக்கீங்க. கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1981ல பர்ன்அவுட்ட (வேலை ஸ்ட்ரெஸ்ல ஆளே வத்திப் போற நிலை) அளக்க ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க, மூணு விஷயம் பாப்பாங்க: மனசு வத்திப் போற களைப்பு, எதிர்ல இருக்கறவங்க மேல ஒட்டுதல் போயிடறது, மூணாவது "நான் எதையும் உருப்படியா செய்யல"ங்கற நினைப்பு. உங்க கேள்வி அந்த மூணாவதுதாங்க! உலக சுகாதார நிறுவனமும் 2019ல பர்ன்அவுட்ட நோய்ங்கற கணக்குல சேக்காம, வேலையிடத்துல சரியா கையாளப்படாத நாள்பட்ட ஸ்ட்ரெஸ்ஸோட விளைவுன்னுதான் சொல்லிச்சு.

அந்த "வீட்டோட விட்டுட்டு வாங்க" பேச்சு எனக்குக் கோவமே வருது. ஸ்கூல் வேலை ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள்ள வரலாமாம், வீட்டுக் கவலை மட்டும் வாசல்லயே நிக்கணுமாம். வாழ்க்கைல திருப்தி இருக்கற டீச்சருக்கு ஒரு பையன் எரிச்சல் மூட்டினாலும் தாங்கிக்க உள்ள கொஞ்சம் இடம் இருக்கும், அது இல்லாதப்ப சின்ன சத்தத்துக்கே குரல் ஏறிடுது. இது பசங்களோடயும் சம்பந்தப்பட்டது, 2016ல வெளியான ஒரு கனடா ஆய்வுல, பர்ன்அவுட் அதிகமா இருந்த டீச்சர்களோட வகுப்புப் பசங்களுக்கு காலைல கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அளவும் அதிகமா இருந்துச்சு (எது எதுக்குக் காரணம்னு அதுல முடிவா சொல்லல).

இதுக்கு மோட்டிவேஷன் கிளாஸ் வச்சா தீராது. வேலை ஸ்ட்ரெஸ்ஸ ஆராய்ஞ்ச ராபர்ட் கராசெக் 1979லயே சொன்னாரு, வேலைப்பளு ஏறி, அத எப்படிச் செய்யறதுங்கற முடிவு நம்ம கைல இல்லாதப்பதான் ஆள் நொறுங்கிப் போறதுன்னு. அதனால ஒரே விவரத்த எத்தன ரிப்போர்ட்ல திரும்பத் திரும்ப எழுதறீங்கன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு, மத்த டீச்சர்களயும் சேத்துக்கிட்டு மேனேஜ்மெண்ட்கிட்ட பேசுங்க, தனியா போகாதீங்க. பேரண்ட்ஸ் மெசேஜுக்கு இத்தன மணிக்கு மேல பதில் இல்லன்னு ஸ்கூலே அறிவிக்கணும்னு கேளுங்க. வாரக்கணக்கா தூக்கம் வரலன்னா டாக்டரப் பாருங்க, பரீட்சை முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க.