முடி கொட்டினால் தண்ணீர் மேல்தான் பழியா?

கேள்வி: வீடு மாறி மூன்று மாதம் ஆகிறது. இங்கே போர் தண்ணீர்தான், ஒரே உப்பு. ஒரு மாதமாகச் சீப்பைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, அவ்வளவு முடி. தண்ணீரை மென்மையாக்கும் மெஷினை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வீடு மாறும் சமயத்தில் எனக்கு வேறு பத்து நாள் கடுமையான காய்ச்சல். மெஷின் வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் கொட்டிய முடியில் நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் கடுகை விடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்த முடி. குமிழே இல்லாமல் குட்டையாக இருந்தால் நடுவில் அறுந்தது. உப்புத் தண்ணீரால் ஆகக்கூடியது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியின் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், சோப்பு போட்டால் அதோடு சேர்ந்து கரையாத பிசுக்காகப் படியும். முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், சிக்கை இழுத்து வாரும்போது அறும். வேர் இருப்பது தோலுக்கு உள்ளே, நீங்கள் ஊற்றும் தண்ணீர் அங்கே போவதில்லை.

ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவில்லை. 2013-ல் 15 பேரின் முடியைச் சோதித்தபோது கடின நீரால், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரால், வலிமையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2018-ல் 70 ஆண்களின் முடியைச் சோதித்தபோது வலிமை குறைந்தது. இரண்டுமே வெட்டி எடுத்த முடியின் வலிமையைப் பார்த்தவை, வேரோடு உதிர்வதை அல்ல.

என் சந்தேகமெல்லாம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் காய்ச்சல் மேல்தான். பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் இதெல்லாம் வந்தால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், ஆனால் கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான், அதனால் காய்ச்சலை மறந்துவிட்டுப் புது வீட்டுத் தண்ணீரைத் திட்டுவோம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள், இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்வார். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி கொட்டுவது எல்லோருக்கும் உண்டு, அதை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

முடி சொரசொரப்பாகவும் இருக்கிறதா? அப்படியென்றால் தலைக்குச் சோப்பை விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை, லேபிளில் இடிடிஏ (EDTA) என்று போட்டிருக்கும் ஷாம்பூ, அது படிந்த உப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் கண்டிஷனர். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் இரண்டு குவளை. மெஷினை அப்புறம் யோசிக்கலாம்.

கேள்வி: டிடிஎஸ் மீட்டர் 700 காட்டுகிறது. இது கடின நீர்தானே?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பு எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்கிறது, அதில் சோடியமும் இருக்கும். சோடியம் கடினத்தன்மையில் சேராது. கடினத்தன்மைக்கென்று தனிப் பட்டை இருக்கிறது, முக்கி எடுத்துப் பார்க்கலாம். லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் மென்னீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சாதாரண சோப்பைக் கரைத்து நாலு சொட்டு விட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் பதில் கிடைத்துவிட்டது. ஷாம்பூ விட்டுக் குலுக்காதீர்கள், அது உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்.

கேள்வி: கொதிக்க வைத்தால் உப்பு போகுமா? படிகாரம்? ஷவரில் மாட்டும் ஃபில்டர்?

பதில்: கொதிக்க வைத்தால் ஒரு பகுதி போகும், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். சல்பேட், குளோரைடாக இருக்கும் கடினம் எவ்வளவு கொதித்தாலும் அசையாது. படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், உப்பை எடுக்காது. ஷவர் ஃபில்டர் பெரும்பாலும் குளோரினைக் குறைக்கத்தான், உப்பு அப்படியே உள்ளே வந்து வெளியே போய்விடும். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: தண்ணீர் மாறியதிலிருந்து பொடுகு, அரிப்பு.

பதில்: பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலாசீசியா என்ற பூஞ்சை, அது எல்லோர் தலையிலும் உண்டு, சிலருக்குத்தான் ஒத்துக்கொள்ளாது. கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள், வாரம் இரண்டு முறை, நாலு வாரம். சரியாக அலசாமல் தங்கிய ஷாம்பூவும் அரிக்கும் என்பதால் இன்னும் ஒரு வாளி கூடுதலாக ஊற்றிப் பாருங்கள். தோல் சிவந்தாலோ நீர் வடிந்தாலோ காத்திருக்க வேண்டாம், டாக்டர்தான்.

கேள்வி: வாளியெல்லாம் பழுப்புக் கறை. இந்தத் தண்ணீரில் குளித்துக்கொண்டு தலைக்குச் சாயம் போடலாமா?

பதில்: அது இரும்பு. முடியில் இரும்பு தங்கியிருக்கும்போது பெராக்சைடு கலந்த சாயம் போட்டால் முடி வழக்கத்தை விட அதிகமாகப் பழுதாகும். முந்தின நாளே இடிடிஏ ஷாம்பூ போட்டு அலசிவிட்டுப் போடுங்கள்.