71 சதவீதம் என்பது பத்துப் பேர்

கேள்வி: ஸ்காட்லாந்து வாக்கெடுப்பு பற்றிக் கல்லூரிக் கட்டுரை எழுதுகிறேன். 16, 17 வயதினரில் 71 சதவீதம் பேர் தனிநாட்டுக்கு வாக்களித்ததாக ஒரு படம் சுற்றுகிறது. வயதுதான் இந்த மனநிலையைத் தீர்மானிக்கிறது என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள். அந்த 71 சதவீதம் மொத்தமே பத்துப் பேர். 2014 செப்டம்பர் 18 வாக்கெடுப்பு முடிந்த கையோடு ஆஷ்கிராஃப்ட் பிரபு என்ற பிரிட்டிஷ் செல்வந்தர் எடுத்து வெளியிட்ட கருத்துக்கணிப்பு அது. பேசியது 2,047 பேரிடம். அவர்களில் 16, 17 வயதினர் 14 பேர். பத்துப் பேர் ‘ஆம்’, நான்கு பேர் ‘இல்லை’. 14 பேரை வைத்துச் சொல்லும் எண் மேலும் கீழும் சுமார் 25 சதவீதப் புள்ளி ஆடும். அதே அட்டவணையில் 18 முதல் 24 வயதினரைப் பாருங்கள்: ‘இல்லை’ 52 சதவீதம். பதினேழில் ஒரு மனசு, பதினெட்டில் வேறு மனசா?

படம் போட்டுப் பரப்புகிறவர்கள் 71 சதவீதத்தைக் காட்டி, ‘14 பேர்’ என்பதை மட்டும் பதமாக மறைத்துவிடுவார்கள். பத்திரிகைகளும் அதை அப்படியே எடுத்துப் போடும். அட்டவணையைத் திறந்து பார்க்க ஆளில்லை. பிரசாரக் குழு காசு கொடுத்து எடுக்கும் கணிப்பு இன்னும் மோசம். ஓய்வூதியம் போய்விடுமோ, விலை ஏறுமோ என்று நாலைந்து கேள்வி கேட்டுப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் ‘தனிநாடு வேண்டுமா?’ என்பார்கள். யார் பணம் கொடுத்தது, எந்த வரிசையில் கேட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து முழு அட்டவணையை இறக்கி, ‘எடையிடாத எண்ணிக்கை’ வரியைத் தேடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் உண்மையில் எத்தனை பேரிடம் பேசினார்கள் என்பது அதில் இருக்கும். 1,000 பேர் என்றால் பிழை 3 புள்ளி. 100 பேர் என்றால் 10. நூறுக்குக் கீழே உள்ள பிரிவைத் தொடவே வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதிலும்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரே நிறுவனம் ஒரே கேள்வியை ஒரே முறையில் சில மாதங்களுக்குள் ஆறு முறை கேட்டிருந்தால், தலா 80 இளைஞர்களைச் சேர்த்து 480 ஆக்கலாம். பிழை நாலரைப் புள்ளிக்கு இறங்கும். ஆட்களைக் கூட்டுங்கள், சதவீதங்களைச் சராசரி போடாதீர்கள். கேள்வியில் ஒரு சொல் மாறியிருந்தாலும் சேர்க்காதீர்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவது பற்றிய 2016 ஜூன் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு முன்னதையும் பின்னதையும் கலக்கவே கூடாது. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியத்தை விரும்பிய ‘இல்லை’க்காரர்கள் சிலர் ‘ஆம்’ பக்கமும், வெளியேற விரும்பிய ‘ஆம்’காரர்கள் சிலர் ‘இல்லை’ பக்கமும் போனார்கள். மொத்தம் அதிகம் அசையாததால் இந்த இடமாற்றம் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

சொல்லின் கனம் லேசானதல்ல. ஸ்காட்லாந்து அரசு முதலில் எழுதிய கேள்வியில் ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்றிருந்தது. அது ‘ஆம்’ பக்கம் தள்ளுகிறது என்று பிரிட்டனின் தேர்தல் ஆணையம் மாற்றச் சொன்னது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் தனிநாட்டோடு கூட்டாட்சி, தன்னாட்சி என்ற தேர்வுகளையும் வைத்துக் கேட்டால், ‘ஆம்/இல்லை’ கேள்வியில் வருவதைவிடத் தனிநாட்டு ஆதரவு குறையும்.

வயதைவிட உறுதியான பிடி வேண்டுமென்றால் மொரேனோ கேள்வியை எடுங்கள். ஒருவர் தன்னை எந்த நாட்டுக்காரராக உணர்கிறார் என்று கேட்பது அது. ‘ஸ்காட்லாந்துக்காரர் மட்டும்’ என்பதில் தொடங்கி, நடுவில் ‘இரண்டும் சமம்’, கடைசியில் ‘பிரிட்டிஷ்காரர் மட்டும்’ என ஐந்து படிகள். முதல் படியில் நிற்பவரிடம் ‘ஆம்’ குவியும், படி இறங்க இறங்கக் கரையும். தனிநாடானால் பொருளாதாரம் தேறுமா என்ற நம்பிக்கையும் வாக்கோடு நெருங்கிப் போகிறது. ஆனால் ‘ஆம்’ என்று முடிவெடுத்தவர் தேறும் என்றே நம்புவார். எது முன், எது பின் என்று ஒரே கணிப்பை வைத்துச் சொல்ல முடியாது. அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வு கிடைத்தால் மட்டும் ‘காரணம்’ என்று எழுதுங்கள். இல்லையேல் ‘தொடர்பு’ போதும்.