கேளுங்க, சொல்றோம்: சிங்கப்பூர் நாலு மணி நேரமா, ஆறரை மணி நேரமா?

கேள்வி: தங்கச்சி பிரசவத்துக்காக எங்க அம்மா சிங்கப்பூர் போறாங்க, முதல் தடவையா ஃப்ளைட் ஏறப்போறாங்க. டிக்கெட்ல சென்னையில ராத்திரி 11 மணிக்கு கிளம்பி காலையில 5:30க்கு இறங்கும்னு இருக்கு. ரிட்டர்ன்ல பாத்தா அங்க ராத்திரி 8 மணிக்கு ஏறி இங்க 9:30க்கே வந்துடுதாம். போக ஆறரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா? அம்மாவுக்கு சுகர் வேற இருக்கு, அதான் கவலையா இருக்கு. – வாசகி, கும்பகோணம்

பதில்: போறதும் நாலு மணி நேரம்தாம்மா, வர்றதும் நாலு மணி நேரம்தான். டிக்கெட்ல கிளம்புற நேரம் கிளம்புற ஊர் கடிகாரப்படி, இறங்குற நேரம் இறங்குற ஊர் கடிகாரப்படி, சிங்கப்பூர் நம்மள விட 2½ மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால போறப்ப அதைக் கழிச்சுடுங்க, வர்றப்ப கூட்டிக்குங்க, ரெண்டும் சரியா நாலுல வந்து நிக்கும்.

தூரம்னு பாத்தா நேர்கோட்டுல 2,900 கிலோமீட்டர் சொச்சம். வங்காள விரிகுடாவைத் தாண்டி நிக்கோபார் பக்கமா போயி மலாக்கா ஜலசந்தி வழியா இறங்கும். மணிக்கு 800, 850 கிலோமீட்டர் வேகத்துல பறந்தா மூன்றரை மணி நேரம், ஆனா ரன்வேக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்குறது எல்லாம் சேர்ந்துதான் நாலு ஆகுது. திருச்சியிலேர்ந்து போனா தூரம் கம்மியா இருக்கும்னு உங்க பக்கம் நிறைய பேர் நினைக்கிறாங்க, அது அப்படி இல்ல, திருச்சி தெற்கே இருந்தாலும் மேற்கே தள்ளி இருக்கறதால வான்வழியில கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனா கும்பகோணத்துலேர்ந்து சென்னை வரைக்கும் அம்மாவை அலையவிடாம இருக்கலாமே, டிக்கெட் கிடைச்சா திருச்சியே போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

முக்கியமான விஷயம் சுகர் மாத்திரை. கடிகாரத்தைப் பாத்து போடாம, முன்னாடி போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கணக்கு வெச்சுக்கச் சொல்லுங்க, இன்சுலின்னா கண்டிப்பா டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்குங்க. ஏர்போர்ட்டுக்கு 3 மணி நேரம் முன்னாடி போகணும், அதையும் சேர்த்தா ஒரு ராத்திரியே ஓடிடும், அதனால மாத்திரை, பிஸ்கட் எல்லாம் கைப்பையில இருக்கட்டும், பெட்டியில வெச்சு செக்-இன்ல போட்டுடாதீங்க. சிங்கப்பூருக்குள்ள நுழையறதுக்குக் குடுக்க வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டுங்கற படிவத்தை இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல நீங்களே போட்டுக் குடுத்துடுங்க, அது இலவசம்தான், யாருக்கும் காசு குடுக்க வேணாம்.

இன்னொண்ணு, 5:30க்கு இறங்குறப்ப நல்ல இருட்டா இருக்கும், அங்க 7 மணிக்குதான் விடியும், அம்மா பயந்துடப் போறாங்க, முன்னாடியே சொல்லி அனுப்புங்க. 1982லதான் சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சாங்க, அதுக்கு முன்னாடி நமக்கும் அவங்களுக்கும் 2 மணி நேரம்தான் வித்தியாசம். அந்தக் காலத்துல சென்னையிலேர்ந்து சிங்கப்பூர் போன ரஜுலா கப்பல்ல ஒரு வாரம் போல ஆன கடல்தான் இது, அம்மா ஜன்னல் சீட்ல தூங்கி முழிக்கறதுக்குள்ள தாண்டிடுவாங்க.

கேள்வி: சென்னை–லண்டன் போறப்ப நேரம் அதிகம், வர்றப்ப கம்மி. பூமி சுத்தறதாலயா? – வாசகர், வேலூர்

பதில்: இல்லங்க, பூமியோட சேர்ந்து காத்தும்தான் சுத்துது. உயரத்துல மேற்கேர்ந்து கிழக்கே வேகமா ஒரு காத்து அடிக்கும், ஜெட் ஸ்ட்ரீம்னு பேரு, போறப்ப அது எதிர்க்காத்து, வர்றப்ப பின்னாடியிருந்து தள்ளிவிடும். சிங்கப்பூர் பாதை பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கறதால அங்க அந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது.